பழைய தொடர்கள், பழைய படங்கள்: மறுபடி எடுக்கணுமா, மறுபடி காட்டினால் போதுமா?

சாயங்காலம்7.30 · ஜூன் 3

கில்லி 2024-ல் திரும்ப வந்து தியேட்டர் தியேட்டராக ஹவுஸ்ஃபுல் ஓடியது. இருபது வருஷப் பழைய படத்துக்கு அது முடியும் என்றால், மர்மதேசம், கையளவு மனசு, சித்தி, மெட்டி ஒலி இதையெல்லாம் 4கே-யில் சுத்தம் பண்ணி விட்டால் என்ன? அதுவும் முடியாது என்றால் புது ஆட்களை வைத்து மறுபடி எடுக்கட்டும். சேனல்காரர்களின் சோம்பேறித்தனம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரீல்பெட்டி · ஜூன் 3

சோம்பேறித்தனம் இருக்கிறது, ஆனால் வரிசையில் அது நாலாவது. முதல் கேள்வி, எதில் எடுத்தார்கள்?

கில்லி 35 மி.மீ. பிலிம். நெகட்டிவ் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் போட்டு அன்று தியேட்டரில் தெரிந்ததைவிடக் கூடுதலாகவே எடுக்கலாம். தொண்ணூறுகளின் சின்னத்திரைத் தொடர்கள் பெரும்பாலும் நேராக வீடியோ டேப்பில் எடுத்தவை. பீட்டாகாம் எஸ்பி, அதற்கு முன்னால் யூமேட்டிக். நம் ஊர் டிவி ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. டிஜிட்டல் ஆக்கினால் 720-க்கு 576 புள்ளி. அந்தத் தொடரே அவ்வளவுதான். 4கே டிவியில் அகலவாக்கில் மட்டும் 3840 புள்ளி. மிச்சத்தை யாரோ கற்பனை பண்ணித்தான் நிரப்பணும்.

ஆகவே "சித்தி 4கே-யில் வேணும்" என்று கேட்டால் கிடைப்பது பொம்மை முகம். "சித்தி ஒழுங்கான 576-ல் வேணும்" என்று கேளுங்கள். இணையத்தில் சுற்றுகிற பழைய தொடர்களில் பல அந்த 576 கூட இல்லை. டேப்பிலிருந்து விசிடி (352-க்கு 288), விசிடியிலிருந்து யூடியூப் என்று இறங்கி வந்தவை. பாதிக்குப் பாதி அங்கேயே போய்விட்டது.

ரீல்பெட்டி · ஜூன் 3, இரவு

மேலே விட்டது ஒன்று. 576 மட்டும் கணக்கில்லை. பழைய வீடியோவில் ஒரு நொடிக்கு 50 பாதிப் படம், ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் ஒரு தடவை. இதைச் சரியாகப் பிரித்தால் நொடிக்கு 50 முழுப்படம் வரும், அசைவு வழுவழு என்று இருக்கும். இணையத்தில் போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்து 25 ஆக்கிவிடுகிறார்கள். கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிவது அதனால்தான். ஒற்றை முதலில் வருமா இரட்டை முதலில் வருமா என்பதைத் தப்பாக வைத்தால் ஆள் நடக்கும்போது முன்னும் பின்னும் உதறும். DV எனும் டிஜிட்டல் கேசட்டிலிருந்து எடுத்தால் கீழ்ப்பாதி முதலில், டேப்பைக் கணினியில் ஏற்றும் மற்ற பால் கேப்சர் கார்டுகளில் பெரும்பாலும் மேல்பாதி முதலில். செலவே இல்லாமல் சரியாகும் கோளாறு இது. இதையே செய்யாதவர்களிடம்தான் 4கே கேட்கிறோம்.

கேப்டன்_விசிறி · ஜூன் 4

அப்போ அமெரிக்காவில் ஸ்டார் டிரெக் எல்லாம் ப்ளூ-ரேயில் பளபள என்று வந்தது எப்படி? அதுவும் டிவி தொடர்தானே.

ரீல்பெட்டி · ஜூன் 4

நல்ல உதாரணம், நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் 35 மி.மீ. பிலிமில் எடுத்தது. ஆனால் எடிட்டிங்கும் கிராபிக்ஸும் வீடியோ டேப்பில். அதனால் முழுமையான எபிசோட் என்பது டேப்பில்தான் இருந்தது. 2012-லிருந்து 2014 வரை ஏழு சீசனுக்கும் அந்தப் பழைய நெகட்டிவ் ரீல்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, பழைய எடிட்டைப் பார்த்துப் பார்த்து ஷாட் ஷாட்டாகத் திரும்ப ஒட்டி, விண்கலக் காட்சிகளைத் திரும்பச் சேர்த்தார்கள். படத்தைச் சுத்தம் பண்ணினார்கள் என்று சொல்வதைவிட, போஸ்ட் புரொடக்‌ஷனை முழுக்க இன்னொரு தடவை செய்தார்கள் என்பதுதான் சரி. அதே முறையில் எடுத்த டீப் ஸ்பேஸ் நைன் இன்றுவரை முழுத்தொடராக அப்படி வரவில்லை. நெகட்டிவ் இருந்தும் செலவு கட்டுப்படியாகவில்லை.

நமக்கு அந்த நெகட்டிவே கிடையாது. அவர்களுக்கு வழி இருந்தது, பணம் பிரச்சினை. நமக்கு வழியே 576-ல் முடிகிறது.

ரீல்பெட்டி · ஜூன் 5

அடுத்த தொந்தரவு, டிவியின் வடிவம். பழைய தொடர் 4:3, இன்றைய திரை 16:9. "ஃபுல் ஸ்கிரீன்" வேணும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் சரியாகக் கால்வாசி போகும். 576 கோட்டில் 144 கோடு காலி. ஏற்கெனவே இல்லாத வீட்டில் இன்னும் கொள்ளை.

சைன்ஃபெல்ட் தொடரில் ரோட்டுப் பள்ளத்தை மையமாக வைத்த ஒரு எபிசோட் உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் 2021-ல் 16:9 ஆக வந்தபோது, கதாபாத்திரம் குனிந்து பார்க்கும் பள்ளமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எதைப் பார்க்கிறான் என்றே தெரியாது. சிம்ப்ஸன்ஸ் 2019-ல் டிஸ்னி பிளஸில் வந்தபோதும் இதே கதை, ஓரத்தில் இருந்த காட்சி ஜோக்குகள் வெட்டுப்பட்டன. ஆட்கள் கத்தியபிறகு 4:3-ஐயும் தேர்வாகக் கொடுத்தார்கள்.

சினிமாவில் இது இன்னும் மோசம். அறுபதுகளின் தமிழ்ப் படங்கள் 1.37-க்கு 1. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-ல் வந்த ராஜ ராஜ சோழன்தான். அதற்கு முந்தைய படத்தை "புதுப்பொலிவுடன் சினிமாஸ்கோப்பில்" என்று போஸ்டர் அடித்தால், 2.35 ஆக்குவதற்கு உயரத்தில் 42 சதவீதத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது இழுத்து அகலமாக்கியிருக்கிறார்கள், எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். கிரீடம் போட்ட புராணப் படத்தில் முதலில் போவது கிரீடம்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். கறுப்புப் பட்டை யாரையும் கடிக்காது.

பொதிகைவாசி · ஜூன் 6

ஒளியும் ஒலியும் திரும்ப வந்தால் நான் வெள்ளிக்கிழமை வேலையை விட்டு சீக்கிரம் வந்துவிடுவேன்.

ரீல்பெட்டி · ஜூன் 6

ஒளியும் ஒலியும் எங்கேயும் போகவே இல்லை சார். இன்று பாட்டு சேனல் எல்லாமே 24 மணி நேர ஒளியும் ஒலியும்தான். நீங்கள் கேட்பது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் கிடைப்பதை. அதை எந்த சேனலும் கொடுக்காது.

பொதிகையே 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். தூர்தர்ஷன் சென்னை நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று ஓடிடி ஆரம்பித்திருக்கிறது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சி கேட்பவர்கள் கோரிக்கை வைக்க வேண்டிய இடம் அது.

ரீல்பெட்டி · ஜூன் 8

உரிமை. இதுதான் பெரிய கதை, கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

பழைய தொடர் யாருடையது என்பது அன்று எந்த ஏற்பாட்டில் ஒளிபரப்பானது என்பதைப் பொறுத்தது. ஸ்பான்சர் முறை என்றால் தயாரிப்பாளர் சேனலுக்கு ஸ்லாட் கட்டணம் கட்டி, விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்வார். ஒளிபரப்பு முடிந்தபின் தொடர் பொதுவாக அவருடையது. கமிஷன் முறை என்றால் சேனல் பணம் போட்டு எடுக்கச் சொன்னது, தொடர் சேனலுடையது. கவிதாலயா பழைய தொடர்களைத் தன் யூடியூப் பக்கத்திலேயே போட முடிகிறது என்றால் உரிமை கையில் இருப்பதால். "சேனல் ஏன் போடவில்லை" என்று திட்டுவதற்கு முன்னால் டைட்டில் கார்டில் கடைசியில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

மறுபடி காட்டுவதற்கு இது போதும். மறுபடி எடுப்பதற்குப் போதாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு, வெளியாகி 60 வருஷம். கதை, திரைக்கதை தனிப் படைப்பு, எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும். ஆரண்ய காண்டம் வழக்கில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் டப்பிங் வேறு, ரீமேக் வேறு என்று பிரித்தது. டப்பிங் தயாரிப்பாளர் பண்ணலாம், ரீமேக்குக்குத் திரைக்கதை எழுதியவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சத்யஜித் ராயின் நாயக் வழக்கிலும் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் திரைக்கதை உரிமை எழுத்தாளருடையதே என்றது, பிரச்சினை அங்கே நாவலாக்குவது. மர்மதேசத்தைப் புதிதாக எடுப்பதென்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்து தனி, தயாரிப்பு தனி. இரண்டு கையெழுத்து.

பழைய ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தமாஷ். பல ஒப்பந்தம் ஒரு பக்கம், சிலது வெறும் கடிதம். சட்டத்தின் 19-வது பிரிவில், எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம், எந்த எல்லைக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். ஓடிடிக்காரர் கேட்பது உலகம் முழுக்க. 2012 திருத்தத்தில், ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகத்துக்கு, தனியாகக் குறிப்பிடாவிட்டால், உரிமை போகாது என்றும் சேர்த்தார்கள். 1996-ல் "சாட்டிலைட் உரிமை" வாங்கியவரிடம் ஸ்ட்ரீமிங் இருக்கிறதா? வக்கீல்களுக்குப் பிழைப்பு அதில்தான்.

கடைசியில் பாட்டு. ஒரு காட்சியில் பின்னணியில் டீக்கடை ரேடியோ பழைய சினிமாப் பாட்டு பாடினால் அதற்கும் தனி அனுமதி. அமெரிக்காவில் தி ஒண்டர் இயர்ஸ் 1993-ல் முடிந்தது, பாட்டு உரிமைச் சிக்கலால் முழு டிவிடி தொகுப்பு வர 2014 ஆனது.

நிழல்படம் · ஜூன் 8

60 வருஷம் என்றால் கர்ணன் (1964) இப்போது பொதுச் சொத்தா? யார் வேணுமானாலும் போடலாமா?

ரீல்பெட்டி · ஜூன் 9

வெளியான அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து எண்ணணும். 1964 படத்துக்கு 2024 டிசம்பரோடு படத்தின் உரிமை முடிந்தது. ஆனால் உள்ளே இருக்கும் வரிகளுக்குத் தனிக்கணக்கு. கண்ணதாசன் காலமானது 1981, வரிகளுக்கு 2041 வரை உயிர். எம்எஸ்வி காலமானது 2015, மெட்டுக்கு 2075. படத்தைப் போட்டாலும், பாட்டு வரும்போது வாயை மூடிக்கொள்ளணும். பாதிப் படம் ஊமைப்படம் ஆகும்.

இன்னொன்று. உரிமை காலாவதியானாலும் நெகட்டிவ் டப்பா யாருடைய அறையில் இருக்கிறதோ அவர் தந்தால்தான் உண்டு. உரிமையும் பொருளும் வேறு வேறு. நம் ஊரில் நெகட்டிவை ஈடு வைத்துக் கடன் வாங்குவதும், பாக்கி தீரும்வரை லேப் நெகட்டிவைப் பிடித்து வைப்பதும் சாதாரணம். லேபே மூடியபின் டப்பா எங்கே போனது என்று தேடுவதிலேயே வேலை நின்றுவிடும்.

ரீல்பெட்டி · ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

தலைப்பை மட்டும் உயிர்ப்பிப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை, அதற்கு நெகட்டிவும் வேணாம். எதிர்நீச்சல்: 1968-ல் பாலசந்தர் படம், 2013-ல் வேறு படம், 2022-ல் சன் டிவி தொடர், 2024 டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது". பொல்லாதவன், படிக்காதவன், தங்கமகன், மாவீரன், வேலைக்காரன், காக்கி சட்டை எல்லாம் எண்பதுகளில் ஒரு தடவை, 2007-லிருந்து இன்னொரு தடவை, கதைக்குச் சம்பந்தமே இல்லை. தலைப்புக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 2015-ல் சொல்லிவிட்டது. சினிமா சங்கங்களில் தலைப்பைப் பதிவு செய்வது தொழிலுக்குள் இருக்கும் ஒழுங்கு, சட்டம் அல்ல.

சாயங்காலம்7.30 · ஜூன் 11

சரி, டேப் போகட்டும். படங்களாவது? நெகட்டிவ் இருந்தால் எல்லாம் 4கே ஆகிவிடும்தானே?

ரீல்பெட்டி · ஜூன் 11

எந்த நெகட்டிவ் என்பதைப் பொறுத்து. கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவ் முதல் தரம். அதிலிருந்து எடுத்த இன்டர்பாசிட்டிவ் இரண்டாவது. அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறையும், கறுப்பு கெட்டியாகும். ஷோலேயின் ஒரிஜினல் நெகட்டிவ் பயன்படாத அளவுக்குக் கெட்டுவிட்டது. ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் இன்டர்பாசிட்டிவ்களைத் தேடிப் பிடித்துத்தான் சீரமைத்தது, 2025 ஜூனில் இத்தாலியின் போலோனியாவில் திரையிட்டார்கள். பழைய தணிக்கையில் மாற்றிய முடிவுக்குப் பதில் முதலில் எடுத்த முடிவும் திரும்ப வந்தது. மறுவெளியீடு என்றால் எனக்கு இதுதான். சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் நெகட்டிவ் 1993-ல் லண்டன் லேப் தீயில் கருகியது. மிஞ்சியதை ரசாயனத்தில் ஊறவைத்து நிமிர்த்தி, போனதற்கு வேறு பிரதிகளைச் சேர்த்து 2015-ல் கொண்டுவந்தார்கள்.

கெடுவது எப்படி? அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் நாற்றம் அடிக்கும். டப்பாவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். உள்ளே சோதனைத் தாள் ஒன்றை வைத்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். ஓரளவுக்கு மேல் போனால் வெளிவரும் அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். அதனால் நாற்றம் வந்ததை உடனே தனியாக வைக்கணும். பிலிம் சுருங்கினால் ஓரத் துளைகளின் இடைவெளி குறையும். பழைய பல்சக்கர மெஷினில் போட்டால் கிழிந்துவிடும், பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் போடணும். ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் எண்பதுகள்வரை வந்தது என்றால் படமே ரோஸ் நிறத்தில் நிற்கும், பச்சை நீலமெல்லாம் பறந்திருக்கும்.

ஸ்கேன் கணக்கு: 4கே முழுச்சட்டம் 4096-க்கு 3112. ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக வைக்கும் பத்து பிட் டிபிஎக்ஸ் வடிவத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 51 எம்பி. இரண்டரை மணிநேரப் படம் 13,500 அடி, 2,16,000 ஃபிரேம். மொத்தம் 11 டிபி, இது ஒரே ஒரு பிரதிக்கு. 2கே என்றால் அதில் கால்வாசி. அதற்கு மேல் ஃபிரேம் ஃபிரேமாகத் தூசி, கீறல், ஒட்டுக் குதிப்பு எடுக்கணும். தானியங்கி மென்பொருளை முழு வேகத்தில் விட்டால் மழைத்துளி, மூக்குத்தி மின்னல், வாணவேடிக்கைப் பொறி எல்லாம் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். நல்ல சீரமைப்பா என்று பார்க்க மழைக் காட்சியைப் பாருங்கள்.

இன்னொரு பொறி: ஏறத்தாழ 2005-லிருந்து 2013 வரை பிலிமில் எடுத்து, 2கே-யில் ஸ்கேன் பண்ணி கணினியிலேயே முடித்த (டிஐ என்பார்கள்) படங்கள். கலர், கிராபிக்ஸ் எல்லாம் 2கே-யில் முடிந்தது. உண்மையான 4கே வேணுமானால் நெகட்டிவைத் திரும்ப ஸ்கேன் பண்ணி, கலரும் கிராபிக்ஸும் முதலிலிருந்து. யாரும் செய்வதில்லை, 2கே-யை ஊதிப் பெரிதாக்கி "4கே" என்று போடுகிறார்கள். மும்பை எக்ஸ்பிரஸ் (2005) மாதிரி ஆரம்பகால டிஜிட்டல் கேமராவில் எடுத்தவற்றுக்கு நெகட்டிவே இல்லை. ஆக 1965 படத்துக்கு இருக்கும் வாய்ப்பு 2005 படத்துக்கு இல்லாமல் போகலாம்.

ரீல்பெட்டி · ஜூன் 12

ஒலி பற்றி யாரும் கேட்கவில்லை, வழக்கம்போல. பழைய படம் மோனோ. வசனம், இசை, சத்தம் மூன்றும் ஒரே கோட்டில் கலந்து கிடக்கும். தனித்தனி மேக்னடிக் டிராக் கிடைத்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் அழித்து மறுபடி உபயோகித்திருப்பார்கள். அப்புறம் "டிடிஎஸ் 5.1" எங்கிருந்து? ஒன்று, பின்னணி இசையைப் புதிதாக வாசித்து மேலே ஒட்டுவது. இல்லையென்றால் மென்பொருளால் குரலைப் பிரிப்பது. பிரித்தால் ச, ஷ வரும் இடங்களில் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்கும். மோனோவை மோனோவாகவே, இரைச்சல் மட்டும் கொஞ்சம் குறைத்து விடுவது மேல். இரைச்சலை முழுக்க எடுத்தால் சிவாஜி மூச்சு வாங்குவதும் போய்விடும்.

கேப்டன்_விசிறி · ஜூன் 14

ஏஐ வந்துவிட்டதே, இதெல்லாம் ஒரு பட்டனில் முடிந்துவிடும்.

ரீல்பெட்டி · ஜூன் 14

ட்ரூ லைஸ், ஏலியன்ஸ் 4கே-க்கு 2024-ல் விழுந்த திட்டு பார்த்தீர்களா? அங்கே நல்ல பிலிம் இருந்தும் முகங்கள் மெழுகு மாதிரி ஆகிவிட்டன என்று சண்டை. விசிடியிலிருந்து வந்த மெட்டி ஒலிக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் நிற்கும் சின்ன முகம் 20 புள்ளி அகலம்தான் இருக்கும், அதில் மென்பொருள் புதுக் கண், புதுப் பல் வரையும். ஷாட்டுக்கு ஷாட் ஆள் மாறுவார். சுவர் காலண்டரில் இருக்கும் தமிழ் எழுத்து எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாகும்.

கட்டாயம் பண்ணணும் என்றால் வரிசை முக்கியம். முதலில் பாதிப்படங்களைப் பிரித்து 50 ஆக்குங்கள், அப்புறம் இரைச்சல் லேசாக, அப்புறம் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் பெரிதாக்குவது. முதலில் பெரிதாக்கிவிட்டுப் பிறகு பிரித்தால் சீப்புக் கோடுகளும் சேர்ந்து பெரிதாகும், அதற்குப் பின் எடுக்கவே முடியாது. ஒரிஜினல் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

நிழல்படம் · ஜூன் 17

ஆக ரீமேக்கே வேணாம் என்கிறீர்களா?

ரீல்பெட்டி · ஜூன் 18

வேணாம் என்று சொல்லவில்லை. பில்லா (2007) எடுபட்டது. 1978-ன் டான், 1980-ன் பில்லா, பிறகு இது. உருவ ஒற்றுமை உள்ள ஒருவனை உள்ளே அனுப்புவது என்ற சாவி எந்தக் காலத்துப் பூட்டுக்கும் பொருந்தும், செல்போன் வந்தும் கெடவில்லை. தில்லு முல்லு (1981) அப்படி இல்லை. அதுவும் 1979 இந்திப் படத்தின் தழுவல்தான். மீசை வைத்த ஒருவன், மீசை இல்லாத "தம்பி" ஒருவன், முதலாளிக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லை. 2013-ல் திரும்ப எடுத்தபோது ஒரு போட்டோ, ஒரு போன் போதும் குட்டு உடைய. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் "கூப்பிட்டுக் கேட்டால் முடிந்தது" என்று மனசு சொல்கிறது.

பழைய திரைக்கதையைத் தூசி தட்டுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு காட்சியிலும் ஒரு செல்போன் இருந்தால் காட்சி உடைகிறதா என்று பென்சிலால் குறிப்பது. கடிதம் தாமதம், லேண்ட்லைன் டெட், ஆள் ஊருக்குப் போய்விட்டார், போட்டோ பார்த்ததே இல்லை, இந்த நாலில்தான் பெரும்பாலான பழைய கதை நிற்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடைந்தால் காலத்தை மாற்றாதீர்கள், கதையை அந்த வருஷத்திலேயே வைத்து எடுங்கள். கலை இயக்குநருக்குச் செலவு கூடும், எழுத்தாளருக்குத் தலைவலி குறையும்.

தொடருக்கு நீளம் இன்னொரு தடை. வாரத் தொடர் 52 பாகம், பாகம் 22 நிமிஷம் என்றால் 19 மணிநேரம். ஓடிடியில் எட்டு எபிசோட், நாற்பது நிமிஷம் என்றால் ஐந்தே கால் மணிநேரம் சொச்சம். முக்கால்வாசியைத் தள்ளணும். மர்மக் கதையில் தள்ளப்படுவது எது? சந்தேகப்பட வைக்கிற துணைப் பாத்திரங்கள். அவர்கள் போனால் குற்றவாளி மூன்றாவது எபிசோடிலேயே தெரிந்துவிடும். தினத்தொடர் ஆக்கினால் எதிர்ப்பக்கம் விபத்து, வாரம் ஒரு முடிச்சு அவிழ்ந்த கதை மாதம் ஒரு முடிச்சு ஆகிவிடும். மர்மதேசம் இயக்கிய நாகா 2024-ல் ஐந்தாம் வேதம் எடுத்தபோது பழைய தலைப்பைத் தொடாமல் புதுக்கதைக்குப் போனது புத்திசாலித்தனம் என்பேன்.

பொதிகைவாசி · ஜூன் 18

அதே ஆட்களை வைத்து இரண்டாம் பாகம்?

ரீல்பெட்டி · ஜூன் 19

சித்தி 2 (2020) பெயரையும் ராதிகாவையும் கொண்டு ஆரம்பித்தது, அடுத்த வருஷமே அவர் விலகினார், கதை மற்றவர்களோடு ஓடியது. எதிர்நீச்சலில் மாரிமுத்து 2023-ல் காலமானபின் ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனாலும் வீட்டு ஹாலில் மாரிமுத்துவின் "ஏய்" காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தினத்தொடரில் ஆளை மாற்றலாம், ரசிகர் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார், ஏனென்றால் தினம் பார்க்கிறார். இருபது வருஷம் கழித்து வரும் இரண்டாம் பாகத்தில் அது நடக்காது. அவர் நினைவில் வைத்திருப்பது பழைய முகத்தை மட்டும்.

நிறம் ஏற்றுவது பற்றியும் ஒரு வரி. மாயாபஜார் தெலுங்கு 2010-ல் கலரில் வந்தது, முகல்-ஏ-ஆசம் 2004-ல். வேலை சுத்தம். ஆனால் மாயாபஜாரின் கறுப்பு வெள்ளை ஒளியமைப்பே ஒரு பாடம், அதை ஏன் மூடணும்? கலர் போட்ட பணத்தில் பத்து நெகட்டிவைக் குளிர் அறையில் வைத்திருக்கலாம். தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் (1931) ஒரு பிரதிகூட இல்லை.

சாயங்காலம்7.30 · ஜூன் 24

வீட்டுப் பரணில் விஹெச்எஸ் கேசட் ஒரு பெட்டி. தொண்ணூறுகளில் டிவியிலிருந்து பதிவு பண்ணியது. பிளேயர் ஒன்று இரவல் கிடைக்கிறது. போட்டுப் பார்க்கட்டுமா?

ரீல்பெட்டி · ஜூன் 24

போடாதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி, தூள், படலம் தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை உள்ளவற்றைத் தனிப் பையில் கட்டி ஒதுக்குங்கள், அதற்குச் சுத்தம் செய்யும் ஆள் வேணும், முகமூடி இல்லாமல் திறக்கக்கூடாது.

நல்லதாகத் தெரிபவை: பரணிலிருந்து எடுத்ததும் போடாமல் ஒரு நாள் சாதாரண அறையில் வையுங்கள். பிளேயர் ஹெட்டை முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், பஞ்சு வேணாம், நூல் மாட்டும், ஷமாய் எனும் மெல்லிய தோல் துணி. தேவையில்லாத கேசட் ஒன்றை ஓட்டி பிளேயர் டேப்பைத் தின்கிறதா என்று சோதியுங்கள். அப்புறம் உங்கள் கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பிறகுதான் பிளே. வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளரும். பதிவுத் தடுப்புத் துண்டு உடைந்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உடைத்துவிடுங்கள், கைதவறி ரெக்கார்ட் அழுத்தினால் கதை முடிந்தது.

வெளியே எடுப்பது எஸ்-வீடியோ வழியாக, மஞ்சள் வயர் கடைசி வழி. நடுவில் கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் மேல் ஓரம் வளைவது நிற்கும். அழுத்தாமல் பிடித்தால் மணிக்கு ஏறத்தாழ 100 ஜிபி, இழப்பில்லாமல் அழுத்தும் எஃப்எஃப்வி1 (FFV1) முறையில் பாதிக்கும் கீழே வரும், தரம் துளியும் போகாது. எம்பி4-ஐ நேராகப் பிடித்துவிட்டு ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள்.

பொதிகைவாசி · ஜூன் 25

நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிடலாமா? இடம் மிச்சம்.

ரீல்பெட்டி · ஜூன் 25

வெட்டாதீர்கள். தேதியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. பண்டிகைத் தள்ளுபடி, "இன்று முதல்" சினிமா விளம்பரம், செய்திச் சுருக்கம் ஏதாவது ஒன்றில் நாள் மாட்டும். கோப்புப் பெயரில் கேசட் எண், பக்கவாட்டில் எழுதியிருப்பது, சேனல் மூன்றையும் போடுங்கள். தொடர் பெயர் தெரியவில்லை என்றால் டைட்டில் கார்டின் ஸ்கிரீன்ஷாட்டை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.